சாக் செவன்

விடிகாலை நாலு பத்து. லண்டனில் முந்தைய நாள் இரவு பத்து நாற்பது. எங்கள் வாடிக்கையாளரான அங்குள்ள வங்கியின் இரவுக் கணக்கு, எங்கள் பேச்சில் 'பேட்ச்', ஓட ஆரம்பித்து நாற்பது நிமிடம்தான் ஆகியிருக்கும். திரையில் ஒரு ஜாப் மட்டும் சிவந்து நிற்கிறது. பக்கத்தில் அது செத்ததற்கான காரணம்: எஸ் ஜீரோ சி செவன். எங்கள் தொழிலில் யாரும் அதை முழுசாகச் சொல்வதில்லை. 'சாக் செவன்' என்போம்.

எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். மெயின்பிரேமில் பணத்தொகையை நெருக்கி அடுக்கி வைப்பார்கள். ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம். கடைசி அரை பைட்டில் கூட்டலா கழித்தலா என்ற குறி. அது சி, டி, எஃப் என்ற எழுத்துகளில் ஒன்றாக இருக்கும். தொகையே எழுதாமல் யாராவது வெற்றிடத்தை அனுப்பிவிட்டால், ஜாப் சாகும்போது இயந்திரம் கொட்டும் நினைவகப் பட்டியலான டம்ப்பில் 40404040 என்று தெரியும். 40 என்பது அந்த இயந்திரத்தின் மொழியில் வெற்றிடம். இதைக் கூட்டு என்றால் இயந்திரம் கையை விரித்துவிடும்.

பக்கம் பக்கமாகக் கொட்டும் டம்ப்பில் அந்த நாற்பதுகளைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு நிமிடம் போதும். பழுதான ரெக்கார்டை உருவித் தனிக் கோப்பில் ஒதுக்குவேன். ஜாப் எந்தச் செக்பாயின்டில் நின்றதோ அங்கிருந்து மறுபடி ஓடவிடுவேன். நாலரைக்கு எல்லாம் பச்சை. மெஷினில் ஒரு காபி பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். பழைய மகாபலிபுரம் சாலையில் அந்த நேரத்துக்கு ஷிப்ட் கேப்களைத் தவிர வேறு வண்டி இருக்காது.

காலை அறிக்கையில் ஒரே வரி போகும்: 'பேட்ச் உரிய நேரத்தில் நிறைவு.'

அந்த வரியில் பொய் கிடையாது. ஆனாலும் அந்த வரியை மாதாமாதம் எழுதி எழுதித்தான் ஒரு பையனின் வேலைக்கு நான் உலை வைத்தேன்.

நான் படித்தது மெக்கானிக்கல். 1998இல் படிப்பு முடிந்தபோது சென்னையில் ஒய்2கே காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்கள், 2000 பிறந்ததும் அதை 1900 என்று எடுத்துக்கொண்டுவிடும். அதைத் திருத்த வெளிநாடுகளில் ஆள் போதவில்லை. இங்கே எந்தப் பிரிவில் படித்தவனாக இருந்தாலும் மூன்று மாதம் பயிற்சி கொடுத்து கோபால் எழுத உட்காரவைத்தார்கள். 1959இல் உருவாகத் தொடங்கிய கணினி மொழி அது. ஊருக்குப் போன் போட்டு, "கோபால்ல வேலை செய்யறேம்மா" என்றேன்.

"முதலாளி நல்லவராப்பா?" என்று கேட்டார் அம்மா.

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். தொழில்நுட்ப வேலைக்குப் போகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அம்மா கேட்டிருக்கிறார் என்று புரிய எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

இரவுக் கணக்குப் பிரிவில் எனக்கு முதலில் வாய்த்த மேலாளர் நல்லவர். ஓர் அரசு வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். எங்களுக்கு ஒரு லாங் சைஸ் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு ஷிப்டும் நடந்ததைக் கையால் எழுதச் சொன்னார். கம்ப்யூட்டர் கம்பெனியில் நோட்டுப் புத்தகமா என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். அவர் காலை ஒன்பது மணிக்கு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரவு எழுதியதை வரி விடாமல் படிப்பார். ஒரே ஜாப்பின் பெயர் மூன்றாவது முறை வந்தால் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, அந்தப் புரோகிராமை எழுதிய குழுவைக் கூப்பிட்டுவிடுவார். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "ராத்திரி நீ செஞ்சது காலையில எனக்குத் தெரியலைன்னா, நீ அதைச் செய்யவே இல்லை தம்பி."

அவரைக் கெடுபிடிக்காரர் என்று நினைத்தேன். 2006இல் ஓய்வு பெற்றுப் போனார். நோட்டும் கூடவே போயிற்று.

அடுத்து வந்தவரைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. அவர் வில்லன் கிடையாது. ஆங்கிலம் அழகாகப் பேசுவார். பிறந்தநாளை மறக்காமல் வாழ்த்துவார். யாரையும் ஒருமையில் திட்டியதில்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு டம்ப்பைத் திறந்து பார்த்ததில்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரிடம் மூன்றே எண்கள்தான் கேட்டார்கள். எத்தனை பேர் பில்லிங்கில் இருக்கிறார்கள், ஒப்பந்த நேரம் தவறியது எத்தனை முறை, லாபம் எவ்வளவு. அந்த மூன்றும் சரியாக இருந்தால் அவர் உலகத்தில் மழை ஒழுங்காகப் பெய்தது.

அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு. 99.9 சதவீதம் இயங்க வேண்டும் என்றால் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம். 99.99 என்றால் 53 நிமிடம்கூடக் கிடையாது. ஒப்பந்தத்தில் ஓர் ஒன்பதைக் கூடுதலாகச் சேர்ப்பவருக்கு அது இன்னோர் இலக்கம். எங்களுக்கு அது தூக்கம்.

அவர் காலத்தில் ஷிப்ட் குறிப்பு மூன்று நிறமாகச் சுருங்கியது: சிவப்பு, மஞ்சள், பச்சை. சிவப்பு வந்தால் மேலே விளக்கம் சொல்ல வேண்டும், மஞ்சள் வந்தால் பாதி விளக்கம். அதனால் எல்லாமே பச்சை. வெளியே பச்சை, வெட்டினால் உள்ளே சிவப்பு. இந்த மாதிரி அறிக்கைக்கு எங்கள் தொழிலில் தர்பூசணி என்றே பெயர்.

நாள்கணக்குப் பேரம் இன்னொன்று. "இந்த மாற்றத்துக்கு எத்தனை நாள்?" என்பார். "பன்னிரண்டு" என்பேன். "ஆறுல முடிச்சிடலாமே?" கோயம்பேட்டில் தக்காளிக் கூடைக்குக் கேட்பதைப் போலக் கேட்பார். நானும் அடுத்த தடவை இருபது என்று ஆரம்பித்துப் பன்னிரண்டில் முடிக்கப் பழகினேன். அவர் அதைக் கண்டுபிடித்து இருபதை ஏழாக வெட்டினார். கடைசியில், அந்த வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் ஆகும் என்பது இரண்டு பேருக்குமே தெரியாமல் போயிற்று. "இன்னும் ரெண்டு பேர் தரேன், சீக்கிரம் முடி" என்பார். வந்த இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தே என் நாள் போய்விடும்.

இது அவர் கண்டுபிடித்த தவறு இல்லை என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஐபிஎம் 1964இல் சிஸ்டம் 360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. அதன் இயங்குதளத்தை எழுதும் வேலை தள்ளித் தள்ளிப் போனது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய பிரெட் புரூக்ஸ், தான் பட்டதையெல்லாம் 1975இல் புத்தகமாக எழுதினார். தாமதமான மென்பொருள் வேலையில் மேலும் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதிலிருந்து பிறந்த விதி. நாங்கள் இரவெல்லாம் காவல் காத்த மெயின்பிரேம் இயங்குதளம் அந்த 360இன் வழித்தோன்றல்தான். நாங்கள் வேலைபார்த்த கோயிலின் தலபுராணமே அது. எங்கள் பிரிவில் அதை யாரும் படித்திருக்கவில்லை, நான் உட்பட.

சாக் செவனுக்கு வருகிறேன். மாதக் கடைசியில் மட்டும் அது வந்தது. வங்கியின் கடன் பிரிவுக் கணினி, கட்டணம் தள்ளுபடி ஆன கணக்குகளுக்குப் பூஜ்யம் எழுதாமல் வெற்றிடத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. கட்டணம் பிடிப்பது மாதக் கடைசியில் என்பதால் பிரச்சினையும் அன்றைக்குத்தான். மூன்றாவது மாதமே காரணத்தைப் பிடித்துவிட்டேன். எங்கள் புரோகிராமில் ஒரு சோதனை சேர்த்தால் போதும். எழுதுவது ஒரு மணி நேரம். ஆனால் வங்கிப் புரோகிராமில் கைவைத்தால் பழையதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று முழுக்கச் சோதிக்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நாள் கேட்டேன்.

"இப்ப ஓடுதுல்ல? நீதான் இருக்கியே" என்றார் மேலாளர்.

இங்கே என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அந்த 'நீதான் இருக்கியே' எனக்கு இனித்தது. குழுவில் எனக்கு 'டாக்டர்' என்று பெயர். நாலு மணிக்கு யார் அழைத்தாலும் கண்ணைத் திறக்காமலே ஜாப் பெயரைக் கேட்டு என்ன செய்வதென்று சொல்லிவிடுவேன். ஆயிரம் ரூபாய் கிஃப்ட் வவுச்சர் இரண்டு முறை வந்தது. கம்பெனி பெயர் பொறித்த தண்ணீர் பாட்டில் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பன்னிரண்டு நாள் வேண்டும் என்று மறுபடி ஒருமுறைகூட எழுத்தில் கேட்கவில்லை. மேலாளரைக் கேன்டீனில் உட்கார்ந்து கிழிகிழியென்று கிழித்தேன். இரவில் அவர் அறிக்கையைப் பச்சையாக வைத்திருக்க என் தூக்கத்தைக் கொடுத்தேன். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அப்போது தோன்றவில்லை.

2010இல் ஒரு மாதக் கடைசி. அப்பாவின் தலைத்திவசத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். இரண்டு வருட அனுபவம் உள்ள ஒரு பையனை என் இடத்தில் உட்காரவைத்திருந்தேன். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம். என்னை 'அண்ணா' என்பான். கவனமான பையன். அவனுக்கு நான் விட்டுப்போன வழிகாட்டி ஒரே வாக்கியம்: "ஏதாவது ஆச்சுன்னா போன் பண்ணு."

போன் பண்ணியிருக்கிறான். பதினோரு முறை. ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. கூடத்தில் சொந்தக்காரர்களோடு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அங்கே பிரிட்ஜ் கால் திறந்தாகிவிட்டது. லண்டனிலிருந்து ஆறேழு பேர், எங்கள் தரப்பில் மேலாளர், எல்லோரும் ஒரே அழைப்பில். பையன் பழுதான ரெக்கார்டைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டான். அது சரிதான். அடுத்து எங்கிருந்து ஓட்டுவது என்பதுதான் கேள்வி. நின்ற இடத்திலிருந்து ஓட்ட செக்பாயின்ட் எண்ணைக் கொடுக்க வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. எந்த ஆவணத்திலும் இல்லை. என் தலையில் மட்டும் இருந்தது.

"யோசிக்க நேரமில்ல. டாப்ல இருந்து ஓடவிடு" என்றார் மேலாளர்.

"சார், முதல்ல ஓடினது திரும்பப் போஸ்ட் ஆயிடுமோன்னு..."

"ரிஸ்க் நான் பாத்துக்கறேன். ஓடவிடு."

ஓட்டினான். அவன் பயந்ததே நடந்தது. ஜாப் நிற்பதற்கு முன்னால் பதிவான கணக்குகள் எல்லாம் இரண்டாம் முறை பதிவாயின. வீட்டு வாடகை, கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் என்று மாதக் கடைசியில் தானாகப் பிடிக்கும் தொகைகள் பலருடைய கணக்கில் இரண்டு தடவை கழிந்தன. லண்டனில் விடிந்ததும் தொலைபேசிகள் அலறின. நான் பிண்டம் வைத்த கையோடு பஸ் ஏறினேன். பதிவை எல்லாம் திருப்பிப் போட்டு முடிக்க அந்த வார இறுதி முழுக்கப் போயிற்று.

அதன்பின் மூலகாரண அறிக்கை எழுத வேண்டும். 'ஐந்து ஏன்' என்றொரு முறை உண்டு. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வலியுறுத்தியது. பிரச்சினையைப் பார்த்து ஏன் என்று கேள், வந்த பதிலைப் பார்த்து மறுபடி ஏன் என்று கேள், ஐந்து முறையாவது கேள் என்பார். எங்கள் அறிக்கையில் இரண்டு ஏன் இருந்தது. ஏன் இரண்டு முறை பிடித்தது? ஜாப்பை முதலிலிருந்து ஓட்டியதால். ஏன் முதலிலிருந்து ஓட்டினார்கள்? ஷிப்டில் இருந்தவரின் மனிதப் பிழை. முற்றும்.

மூன்றாவது ஏன் கேட்டிருந்தால், எப்படி மறுபடி ஓட்டுவது என்று எழுதிவைக்கவே இல்லை என்பது வந்திருக்கும். நாலாவதில், அது தெரிந்தவன் ஒரே ஓர் ஆள் என்று வந்திருக்கும். ஐந்தாவதில், அந்த ஆள் இரண்டு வருடத்துக்கு மேலாக அதே பழுதை வங்கியில் யாருக்கும் சொல்லாமல் சரிசெய்துகொண்டே இருந்ததும், சரிசெய்யாதே என்று யாரும் சொல்லாததும் வந்திருக்கும். இரண்டாவது ஏனோடு நிறுத்தினால் மேலாளருக்குப் பத்திரம். எனக்கும் பத்திரம். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பிரிட்ஜில் மேலாளர் வாயால் சொன்னது எங்கும் எழுத்தில் இல்லை. அந்த வருட அப்ரைசலில் பையனுக்குக் கடைசித் தரம். நாலு மாதத்தில் வேலையை விட்டுப் போனான். போகும்போதும் "வரேண்ணா" என்றுதான் சொன்னான். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து, 2012 ஜூனில், பிரிட்டனின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் இரவு ஜாப்களை வரிசையாக ஓடவிடும் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்யப்போய் எல்லாம் குழம்பியது. 65 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். சென்னையில் பேட்ச் வேலை பார்த்த அத்தனை பேரும் அந்த வாரம் இதைத்தான் பேசினோம். யாரோ ஓர் ஆபரேட்டர் தப்புப் பண்ணிவிட்டான் என்றுதான் முதலில் அடிபட்டது. 2014 நவம்பரில் பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 5 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன. அவர்கள் கைவைத்தது ஆபரேட்டர் மேல் இல்லை. தொழில்நுட்ப ஆபத்துகளை நிர்வாகம் கையாண்ட விதத்தில் இருந்த குறைகளின் மேல். நாங்கள் இரண்டோடு நிறுத்திய ஏனை அவர்கள் தொடர்ந்து கேட்டிருந்தார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பையன் வேலையை விட்டுப் போன அந்த வாரமே மேடவாக்கத்தில் ஒரு கடையில் லாங் சைஸ் நோட்டு வாங்கியிருந்தேன். ஐந்து பத்திகளாகக் கோடு கிழித்தேன். தேதி, ஜாப், என்ன பழுது, சரிசெய்ய எத்தனை நிமிடம், செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். கடைசிப் பத்திதான் முக்கியம். முதல் நாலும் தொழில்நுட்பக்காரனுக்கு. கடைசிப் பத்தி மேலாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்: 'இத்தனை மணிக்குள் முடிக்காவிட்டால் ஏடிஎம்மில் நேற்றைய இருப்புதான் தெரியும்', 'இது தவறினால் ஒப்பந்த நேரம் போயிற்று.' மூன்று மாதத்தில் நோட்டில் 31 வரிகள். அதில் 19 வரி ஏற்கெனவே வந்த பழுதுகள். அறிக்கையில் அந்த மூன்று மாதமும் முழுப் பச்சை.

அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். குற்றம் சாட்டவில்லை. "இனிமே ராத்திரி கையால சரிசெய்யற ஒவ்வொண்ணுக்கும் வங்கியோட சிஸ்டத்திலேயே டிக்கெட் திறக்கப் போறேன்" என்றேன்.

முகம் மாறியது. "நம்ம வீட்டு விஷயத்தை ஏன் வெளியில கொண்டு போற?"

"வீடு அவங்களது சார். நாம வாட்ச்மேன்."

அன்று பேச்சு அங்கேயே நின்றது. நான் அறையை விட்டு வந்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 'இன்று பேசியபடி, அடுத்த வாரம் முதல் டிக்கெட் திறக்கிறேன். வேறு கருத்து இருந்தால் தெரிவிக்கவும்.' பதில் வரவில்லை. எழுத்தில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது என்பதை அன்று கற்றேன். வாய்மொழி உத்தரவை எழுத்தில் திருப்பி அனுப்புவதில் சண்டை எதுவும் கிடையாது. மரியாதையாகவே செய்யலாம். அன்றிரவு பிரிட்ஜில் அந்தப் பையன், 'நீங்கள் சொன்னபடி முதலிலிருந்து ஓட்டுகிறேன்' என்று சாட்டில் ஒரு வரி தட்டியிருந்தால் போதும். அதை அவனுக்கு நான் சொல்லித் தந்ததில்லை.

டிக்கெட் எண்ணிக்கை ஏறியதும் வங்கித் தரப்பில் அந்தக் கணக்குக்குப் பொறுப்பான அம்மையார், ஒரே பழுதுக்கு ஏன் மாதாமாதம் டிக்கெட் வருகிறது என்று கேட்டார். விளக்கினேன். பன்னிரண்டு நாளுக்கு ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. யாரும் கேட்டிராத ஒன்றைக் கொடுக்கவில்லையே என்று அத்தனை காலம் அவரையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். சோதனைக்கு ஒன்பது நாள் போயிற்று. சேர்த்த கோபால் வரிகள் ஆறு. அந்தப் புலத்தில் இருப்பது எண்தானா என்று பார், இல்லையென்றால் ஒதுக்கு. அவ்வளவுதான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது கேட்பவர்கள் கைதட்டத் தயாராகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்த வருடம் என் தரம் ஒரு படி இறங்கியது. 'குழு உணர்வு குறைவு' என்று காரணம் எழுதியிருந்தார்கள். ஊதிய உயர்வு கிட்டத்தட்ட இல்லை. நோட்டுப் புத்தகம் கெட்ட மேலாளரை நல்லவராக்காது. அது செய்வதெல்லாம், கெட்டது நடக்கும்போது அது நடக்கிறது என்பதை மறைக்க உன் கையை அவர் பயன்படுத்த முடியாமல் செய்வது. அதற்கு ஒரு விலை உண்டு.

2013இல் என்னையே ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு லீட் ஆக்கினார்கள். அங்கேதான் கதை எனக்குப் பிடிக்காத பக்கம் திரும்புகிறது. அப்ரைசலில் மணி வடிவக் கோடு வரைந்து, மேலே இத்தனை பேர், நடுவில் இத்தனை பேர், கட்டாயம் ஒருவரைக் கீழே போடு என்றார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் 20, 70, 10 என்று பிரித்துப் புகழ்பெறச் செய்த ஏற்பாடு அது. அதே 2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் இப்படிப்பட்ட தரவரிசையைக் கைவிட்டது. எங்கள் அலுவலகத்துக்கு அந்தச் செய்தி பேப்பரில் வந்தது, நடைமுறையில் வரவில்லை.

என் ஒன்பது பேரில் கீழே போடும்படி யாருமே இல்லை. இரண்டு நாள் போராடிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு பெயரை எழுதினேன். யார் மோசமாக வேலை செய்தார்கள் என்று பார்த்து எழுதவில்லை. எழுதினால் யார் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று பார்த்து எழுதினேன். பிரசவ விடுப்பிலிருந்து திரும்பி நாலு மாதம் ஆன பெண் அவர். என் முன்னால் உட்கார்ந்து, "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அந்த நிமிடம், டம்ப்பைத் திறந்து பார்க்காத என் பழைய மேலாளரை எனக்கு நன்றாகப் புரிந்தது. பிரிட்ஜ் அழைப்பில் அவரையும் யாரோ விரட்டியிருப்பார்கள். கெட்ட நிர்வாகம் என்று நாம் ஓர் ஆளைக் காட்டுகிறோம். பாதி நேரம் அது ஒரு நாற்காலி. உட்காருகிறவன் எதை எழுத மறுக்கிறான் என்பதில்தான் வித்தியாசம். நான் மறுக்கவில்லை. நாற்காலிக்கும் பொறுப்பு உண்டு என்பதைச் சில இடங்களில் இப்போது காட்டுகிறார்கள். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி புதிய கணினி அமைப்புக்கு மாறியபோது பெரும் குழப்பம் ஆனது. வங்கிக்கு 2022 டிசம்பரில் அபராதம் விழுந்தது. அதோடு விடாமல், அதன் முன்னாள் தகவல் தொழில்நுட்பத் தலைவருக்கு 2023 ஏப்ரலில் 81,620 பவுண்டு தனியாக அபராதம் போட்டார்கள். ஷிப்டில் இருந்த பையனுக்கு இல்லை, தலைவருக்கு.

2016இல் அந்தக் கம்பெனியை விட்டேன். எப்போது விடுவது என்று இளையவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். மேலாளர் திட்டினார் என்பதற்காக விடாதீர்கள். திட்டு மாறும், ஆளும் மாறுவார். உண்மையல்லாத ஒன்றில் உங்கள் கையெழுத்தை ஒருமுறை கேட்டால் மறுத்துப் பாருங்கள். மறுத்த பிறகும் இரண்டாம் முறை கேட்டால் வேலை தேட ஆரம்பியுங்கள். கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். பல கம்பெனிகளில் மூன்று மாத நோட்டீஸ் உண்டு. அந்த மூன்று மாதம் வீட்டுக் கடன் தவணை நிற்காது. கையில் இன்னொரு வேலையின் கடிதம் வந்த பிறகு எழுதுங்கள். நீயாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று மனிதவளப் பிரிவில் உட்காரவைத்து வற்புறுத்தினால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்குச் சங்கம் கிடையாது என்று நாங்கள் பதினெட்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம். அவர்கள் சங்கம் அமைக்கத் தடை இல்லை என்று 2016இல்தான் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. தடை எங்கள் தலைக்குள்தான் இருந்திருக்கிறது.

உடம்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றுவார்கள். பதினைந்து வருடம் என் வயிறும் தூக்கமும் அந்தக் கடிகாரத்தோடு மாறின. நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. எந்தப் பச்சை அறிக்கையிலும் அது பதிவாகவில்லை.

இப்போது வேறோர் இடத்தில் பதினான்கு பேருக்கு நான் மேலாளர். யாரிடமும் நோட்டுப் புத்தகம் கிடையாது. ஒரு பொதுக் கோப்பு இருக்கிறது, பத்திகள் அதே ஐந்துதான். காலை ஒன்பதரைக்கு அதைத் திறந்து படித்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஒரே பெயர் மூன்று முறை வந்தால் சுழிக்கிறேன்.

அந்தப் பையனைப் பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். அந்த அறிக்கையைப் பற்றிச் சொன்னேன், இரண்டாவது ஏனோடு நிறுத்தியதையும் சொன்னேன். "தெரியும்ணா" என்றான். "உங்க கையெழுத்தைப் பாத்தேன்."

அம்மா இன்னும் வேலை பற்றிப் பேச்சு வந்தால் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். முதலாளி நல்லவரா என்று. இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. என்னிடம் வேலை பார்க்கும் பதினான்கு பேர் வீட்டிலும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் அவர்கள் சொல்ல வேண்டியது.